சென்சார் ஓடுகிறது, மென்பொருள்தான் திறக்கவில்லை: கேள்வி-பதில்

கேள்வி: பள்ளி ஆய்வகத்துக்கு ஆன்லைனில் பன்னிரண்டு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் வாங்கினேன். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஐஸ் தண்ணீரில் போட்டால் ஒன்று 0.2 டிகிரி காட்டுகிறது, இன்னொன்று 2.9. விற்றவரோ "சென்சார் என்றால் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும் மேடம்" என்கிறார். அப்படியா?
- ஓர் இயற்பியல் ஆசிரியை

பதில்: இல்லை மேடம், உங்களை ஏமாற்றியிருக்கிறார். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை பிழை அரை டிகிரிக்குள் இருக்கும் என்று அசல் சென்சார் சில்லுக்கு அதன் நிறுவனம் தரும் விவரத்தாளிலேயே போட்டிருக்கிறது. ஒன்று அரை டிகிரி கூட, இன்னொன்று அரை டிகிரி குறைய என்று வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் ஒரு டிகிரியைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு வந்திருப்பது 2.7. இந்தச் சில்லுக்குப் போலிகள் ஏராளம், மேலே அதே எண்ணை அச்சடித்துத்தான் விற்கிறார்கள், வெறும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். அதனால் உங்கள் மேல் தவறே இல்லை. ஐஸை நொறுக்கிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கலக்கி, சில நிமிடம் விட்டு எல்லா அளவுகளும் திரையில் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். விவரத்தாளின் அந்த வரியையும் சேர்த்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மாற்றுச் சரக்கு தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதே பெட்டியிலிருந்துதான் எடுத்துத் தருவார்.

கேள்வி: நொடிக்கு 100 அளவு எடுக்கும் ஒலி சென்சார் மலிவாக வருகிறது. 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அலையைக் காட்ட இது போதுமா?

பதில்: போதாது. அலையின் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதாவது நொடிக்கு 512 அளவுக்கு மேல் எடுக்க வேண்டும். இதில் 44 ஹெர்ட்ஸ் பொய் அலை ஒன்று வரும், மாணவர்கள் அதையே உண்மை என்று வரைந்துகொண்டு போவார்கள்.

கேள்வி: இரண்டு நிறுவனங்களின் சென்சார் செட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். துல்லியம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றின் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா, ஆனால் செட்டின் விலை குறைவு. எதை வாங்குவது?
- கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்

பதில்: சந்தா இல்லாததை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில் நான் பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் நகரும் பொருளின் தூரத்தை அளக்கும் ஒரு மோஷன் சென்சாரும் அதைக் கணினியோடு இணைக்கும் பெட்டியும் வாங்கினேன். அருமையான கருவி. கணினி பழுதாகிப் புதியது வந்தபோது அதில் பழைய 9 முனை சீரியல் போர்ட் இல்லை. சரி என்று மாற்று கேபிள் வாங்கினேன், அப்புறம் பார்த்தால் புது இயங்குதளத்தில் மென்பொருளே நிறுவ முடியவில்லை. நிறுவனத்திடம் கேட்டதற்குப் புதுப் பெட்டி வாங்கச் சொன்னார்கள். சென்சாரில் ஒரு குறையும் கிடையாது, மின்சாரம் கொடுத்தால் இன்றைக்கும் டிக்டிக் என்று அடிக்கிறது, அது சொல்லும் எண்களை வாங்கிக்கொள்ளத்தான் வழியில்லை. ஆய்வகக் கருவி இருபது வருடம் உழைக்க வேண்டிய பொருள், அதை வருடா வருடம் பணம் கட்டினால்தான் திறக்கும் மென்பொருளோடு கட்டிப்போடுவது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். வாங்கும் முன் கேளுங்கள்: அளவுகளை எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக எடுக்க முடியுமா, இணையமும் லாகினும் இல்லாமல் ஓடுமா, சென்சார் கணினியோடு பேசும் முறையை வெளியிட்டிருக்கிறார்களா, கேபிளின் முனை எங்கும் கிடைப்பதா அல்லது அவர்களிடம் மட்டும் கிடைப்பதா. வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். முறையை வெளியிட்டிருந்தால், நிறுவனம் கைவிட்டாலும் பைத்தான் நிரல்மொழி தெரிந்த ஒரு மாணவர் உங்கள் கருவியை மறுபடி ஓட வைத்துவிடுவார்.

கேள்வி: 10 வோல்ட் வரை அளக்கும் சென்சாரை வீட்டு மின் இணைப்பில் செருகிப் பார்த்தோம், புகைந்துவிட்டது. கடைக்காரர் உத்தரவாதம் செல்லாது என்கிறார்.

பதில்: கடைக்காரர் சொல்வது சரி. உயிருக்கு ஆபத்தில்லாமல் தப்பித்தீர்கள், இனி அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரின் கீழே பந்தை விழவிட்டால், 9.8 வர வேண்டிய புவியீர்ப்பு முடுக்கம் g சில நேரம் 9.3, சில நேரம் 10.4, நன்றாக வந்தாலும் 9.6 தான். திருப்பி அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள், நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பந்து தொடங்குவது சென்சாருக்கு ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில், அதன் கையேட்டின் முதல் பக்கத்திலேயே குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. பக்கத்திலேயே மேசை விளிம்பு வேறு. ஒலி கூம்பு போல விரிந்து போகும், விளிம்பில் பட்டுத் திரும்புவதையும் சென்சார் பந்து என்றே எடுத்துக்கொள்ளும். தயவுசெய்து கையேட்டைப் படியுங்கள், இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது கடிதம் இது. அந்த 9.6-க்குக் காரணம் வேறு: மென்பொருள் ஒலியின் வேகத்தை 20 டிகிரிக்குரிய நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்திருக்கும், உங்கள் அறை 30 டிகிரி என்றால் உண்மையில் அது 349. தூரமும் g-யும் அதே விகிதத்தில் குறைந்து வரும். அறை வெப்பநிலையை மென்பொருளில் பதிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் சென்சார் வாங்கப் பணமே இல்லை சார்.

பதில்: ஒரு செல்போன் இருக்கிறதா? ஜெர்மனியின் ஆர்டபிள்யூடிஹெச் ஆஹன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் செயலி இலவசம். போனுக்குள் இருக்கும் முடுக்கமானி, காந்தமானி, மைக் எல்லாவற்றின் அளவுகளையும் அது எடுக்கும். போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால் கணினித் திரையிலேயே வரைபடம் ஓடும், கோப்பாகவும் சேமிக்கலாம். மேலே கேட்டிருந்தாரே, அந்த இசைக்கவைக்கும் போன் மைக்கே தாராளம். ஊசலில் போனைக் கட்டும்போது மட்டும் இரண்டு முடிச்சுப் போடுங்கள்.