வடக்குப் பக்கத் தோட்டத்தில் தக்காளி ஏன் காய்க்கவில்லை?

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். தெற்குப் பார்த்த வாசல். பின்பக்கம் மண் தரை இருக்கிறது. வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு வரை 12 அடி, அகலம் 10 அடி. மொட்டை மாடியை வீட்டுக்காரர் தரமாட்டார். சித்திரையில் தக்காளி வைத்தேன், பூவெல்லாம் உதிர்ந்தது. திரும்பக் கார்த்திகையில் வைத்தேன், செடி நெடுநெடுவென்று போனதே தவிர காய் இல்லை. மண்ணில் சத்து இல்லை என்று நர்சரியில் சொன்னதால் இரண்டு மூட்டை உரம் போட்டும் பயன் இல்லை. வெண்டை இலை மஞ்சளாகிறது. போர் தண்ணீரும் கொஞ்சம் உப்பு. முருங்கை வைக்கலாமா? வேறு என்னதான் போடலாம்?

பதில்: மண்ணை விடுங்கள் அம்மா, அது ஒன்றும் செய்யவில்லை. உங்கள் கடிதத்தில் விடையே இருக்கிறது: வாசல் தெற்கு, தோட்டம் வடக்கு.

சென்னையில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டே முறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். நடுவில் உள்ள மாதங்களில் சற்று வடக்கே இருக்கும், மற்ற நாளெல்லாம் தெற்கேதான். மார்கழியில் உச்சிவேளையிலேயே தெற்கே 36 டிகிரி சாய்ந்து நிற்கும். மாடிக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து உங்கள் வீடு 24 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு வடக்கே விழும் நிழல் 17 அடிக்கு மேல். உங்கள் தோட்டமே 12 அடிதான்! ஐப்பசி நடுவிலிருந்து மாசி பிறக்கும் வரை நண்பகலில்கூட ஒரு முழம் வெயில் தரையில் விழாது. கார்த்திகையில் நட்ட செடி வெளிச்சத்தைத் தேடித்தான் நெடுநெடுவென்று போயிருக்கிறது. அதற்கு மேல் உரம் போட்டால் இன்னும் தழைக்கும், காய்க்காது.

சித்திரைச் செடியின் கதை வேறு. அப்போது வெயிலுக்குக் குறைவில்லை, இரவுச் சூடுதான் எதிரி. இரவில் 24 டிகிரிக்கு மேல் போனாலே தக்காளிக்குக் காய் பிடிப்பது குறையும்; மே மாதத்தில் நம் ஊர் இரவு 28 வரை இருக்கும். ஆக, தக்காளிக்கு வேண்டிய குளிர் வரும்போது உங்களுக்கு வெயில் இல்லை, வெயில் வரும்போது குளிர் இல்லை. பின்பக்கத்தில் தக்காளியை மறந்துவிடுங்கள்.

ஆனால் வாசல் பக்கம் மார்கழி வெயில் நன்றாக விழுமே, அதை ஏன் விட்டீர்கள்? கேட்டை ஒட்டி நான்கு வளர்ப்புப் பைகள் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்காமலா போவார்? ஐப்பசியில் சன்ஷேடுக்குக் கீழே, சாரல் படாமல் ஒரு தட்டில் தக்காளி நாற்று விடுங்கள். 25 நாள் நாற்றைக் கார்த்திகையில், அடைமழை விட்டதும் பையில் மாற்றுங்கள். மார்கழியில் பூக்கும், தை, மாசியில் பறிக்கலாம். பைக்குத் தேங்காய் நார்க்கழிவு வாங்கினால் இரண்டு மூன்று தடவை நன்றாக அலசிவிட்டுக் கலக்குங்கள். அதிலும் உப்பு இருக்கும், உங்கள் தண்ணீரில் இருப்பது போதாதா!

பின்பக்கத்துக்கு வருவோம். மாசியிலிருந்து புரட்டாசி வரை அங்கே வெயில் காலம். கொத்தவரை போடுங்கள். சூடும் தாங்கும், ஓரளவு உப்பும் தாங்கும், இரண்டு மாதத்துக்குள் காய் பறிக்கலாம். தண்டுக்கீரை, அரைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். காய்ந்த இலைச் சருகை மண்மேல் மூடாக்காகப் பரப்பிவிட்டால் தண்ணீர்ச் செலவு குறையும்.

வெண்டைக்கு வந்தது மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய், மருந்து கிடையாது. இலையைத் திருப்பிப் பாருங்கள், சின்னச் சின்ன வெள்ளை ஈக்கள் குபுக்கென்று பறக்கும், பரப்புவது அவைதான். கோடையில் அவற்றின் கொட்டம் அதிகம் என்பதால் வெண்டையை ஆடிக்குத் தள்ளுங்கள். மஞ்சளான செடியைப் பார்த்த அன்றே பிடுங்குங்கள், சுற்றி துத்திச் செடி இருந்தால் அதையும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலம் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி வாரம் ஒருமுறை தெளித்தால் ஈ குறையும். விதை வாங்கும்போது இந்த நோயைத் தாங்கும் ரகமாகக் கேளுங்கள்; பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா அனாமிகா அப்படி வந்ததுதான். முழுப் பாதுகாப்பு என்று நம்பவும் வேண்டாம்.

நிழல் மாதங்களுக்குப் புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை போதும். மூன்றுக்குமே விதை தேட வேண்டாம். மார்க்கெட்டில் வாங்கிய கட்டில் இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு புதினா, பொன்னாங்கண்ணித் தண்டுகளை மண்ணில் செருகுங்கள்; வல்லாரை மட்டும் வேரோடு கிடைக்க வேண்டும். எனக்குப் பிடித்த யோசனை ஒன்று: வைகாசியில் காம்பவுண்டு ஓரமாக மஞ்சள் கிழங்கு ஊன்றுங்கள். நிழல் வருவதற்குள் தழைத்துவிடும், பொங்கல் பானைக்கு உங்கள் வீட்டு மஞ்சள் கொத்து. மகசூல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பக்கம் களிமண் என்பதால் எல்லாப் பாத்தியையும் ஒரு அடி உயர்த்துங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் கிழங்கு அழுகும்.

முருங்கை வேண்டாம். மூன்று மாதம் நிழல், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி, புயல் அடித்தால் கிளை முறிந்து பக்கத்து வீட்டில் விழும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள், விலை அதிகம் இல்லை. மீட்டர் காட்டும் எண் ஆயிரத்துக்குள் இருந்தால் இந்தப் பயிர்களுக்குப் பயமில்லை. மேலே போனால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் கலந்து ஊற்றுங்கள். அதில் உப்பு கிடையாது, நாற்றுத் தட்டுக்கு அதை மட்டுமே ஊற்றலாம். ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மட்டும் செடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும், பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.