அத்தியாயம் மூன்றின் அடிக்குறிப்பு

அன்புள்ள ஐயா,

மலாயா அவசரகாலத்தில் (1948-60இல் காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஆங்கிலேய அரசு எதிர்த்த காலம்) அந்த அரசின் பிரசாரத் துறை எப்படி அமைக்கப்பட்டது என்று ஆய்வு செய்கிறேன். பிபிசியிலிருந்து வந்த ஹ்யூ கார்ல்டன் கிரீன், அவருக்குப் பின் 1952இல் உயர் ஆணையராக வந்த ஜெனரல் டெம்ப்ளர், இருவரில் யாருடைய அமைப்பு சிறந்தது? அத்தியாயத் திட்டத்தை இணைத்துள்ளேன்.

ஓர் இதழியல் மாணவர்

அன்புள்ள தம்பி,

திட்டத்தை முழுக்கப் படித்தேன். உழைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். டெம்ப்ளரைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள், அவரை விடுங்கள். 1946இல் தொடங்கிய அரசுப் படப்பிரிவான மலாயன் ஃபிலிம் யூனிட்டுக்கு ஒரு பத்தி போதும்.

சில நாட்களாகவே அப்பா சொன்ன ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பேராக்கில் அவர் இருந்த தோட்டத்துக்குத் தகவல் இலாகா வேன் வரும். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) எதிரே உள்ள திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பிள்ளைகள் முன்னால் உட்கார, பெரியவர்கள் பின்னால் நிற்பார்கள். படம் முடிந்ததும் தமிழ் அதிகாரி மைக்கில் பேசுவார், குறை இருந்தால் சொல்லுங்கள் என்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்களாம். தோட்டத்துத் துரையும் கணக்கெழுதும் கிராணியும் பக்கத்திலேயே நிற்கும்போது யார் பேசுவார்கள்? "எங்ககிட்ட சொல்ல வந்தாங்க, கேக்க வரலை" என்பார் அப்பா.

உங்கள் ஆய்வில் அந்தத் திடலில் நின்றவர்கள் எங்கே? எத்தனை வேன், எத்தனை துண்டறிக்கை என்று அட்டவணை போட்டிருக்கிறீர்கள். துண்டறிக்கையை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் கொட்டலாம். எடுத்துப் படித்தவன் நம்பினானா? அதைக் கேட்காமல் வெற்றி தோல்வி பேசுவது சோம்பேறித்தனம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை யாராவது உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

நம்பாமல் போனதற்குக் காரணம் இருந்தது. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் லாரியில் ஏற்றி அப்புறப்படுத்திய பிறகு, ஆண்களைக் கொன்றார்கள். குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். அரசு தரப்பு சொன்னது என்ன? தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்பதுதான். பத்திரிகை நடத்த ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டிய காலம் அது. எந்த ஆசிரியர் துணிந்து எதிர்க்கேள்வி கேட்பார்? அங்கே சுட்ட சிப்பாய்களில் சிலரே உண்மையைச் சொல்லி அது லண்டன் பத்திரிகையில் வர 1970 ஆயிற்று. விசாரணை தொடங்கி அதே ஆண்டில் கைவிடப்பட்டது. உறவினர்கள் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015இல் அங்கேயும் விசாரணைக்கு உத்தரவு கிடைக்கவில்லை.

ஆனால் அந்த லாரியில் ஏற்றப்பட்ட பெண்களுக்கு நடந்தது தெரியும். அவர்கள் மூலம் சுற்றுவட்டாரத்துக்கும் தெரிந்திருக்கும். பிறகு வானத்திலிருந்து 'சரணடைந்தால் உயிருக்கு ஆபத்தில்லை' என்ற காகிதம் விழுந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ராணுவம் கொடுத்ததை அப்படியே பத்திரிகைக்குத் தள்ளிவிடும் இலாகா, தன் அடுத்த துண்டறிக்கையின் மதிப்பை அப்போதே குறைத்துவிடுகிறது. இலாகாவை எத்தனை முறை மாற்றியமைத்தாலும் இது சரியாகாது.

1950இல் வந்த கிரீனுக்கு இந்தச் சிக்கல் ஓரளவு புரிந்திருந்தது என்பது என் கணிப்பு. அரசு பேசுவதைவிடச் சரணடைந்தவர்கள் பேசினால் எடுபடும் என்று, காட்டிலிருந்து வந்தவர்களையே எழுதவும் பேசவும் வைத்தார். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசு தன் குரலில் பேசினால் நம்ப ஆளில்லை என்பதும் அதிலேயே தெரிகிறதே! கிரீனா டெம்ப்ளரா என்று கேட்கும் முன் அதை எழுதுங்கள்.

இன்னொன்று. பத்தாங் காலியை மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு அடிக்குறிப்பாக வைத்திருக்கிறீர்கள். அதை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம், தோட்டத்துப் பெரியவர்களில் அந்தக் காலத்தை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் ஒருசிலர் இருக்கிறார்கள். நூலகத்துக்குப் போகும் முன் அவர்களைப் போய்ப் பாருங்கள். வேனில் என்ன படம் போட்டார்கள் என்பதோடு நிறுத்தாமல், வேன் போன பிறகு லயத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்றும் கேளுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.