அலெக்சாண்ட்ரா பேர்ட்விங்: கேட்டவையும் சொன்னவையும்

உலகிலேயே பெரிய வண்ணத்துப்பூச்சியான அலெக்சாண்ட்ரா பேர்ட்விங்கைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். பெரம்பூரில் என் மொட்டை மாடியில் ஈஸ்வரமூலிக் கொடி வளர்க்கிறேன். அதில் வந்த புழுக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நியூ கினித் தீவின் இந்தப் பூச்சி மேல் பித்துப் பிடித்தது.

அடையாறு: முட்டையிலிருந்து பூச்சியாக எத்தனை நாள்?
சுமார் நான்கு மாதம். முட்டை வைப்பது ஈஸ்வரமூலியின் உறவுக்காரக் கொடி ஒன்றில்தான், வேறு செடியில் வைக்காது. புழு வெளியே வந்ததும் முதலில் தன் முட்டைத் தோலைத் தின்னும், அப்புறம் தளிர். கருப்பு உடம்பு, சிவப்பாகச் சதை முட்கள், இடுப்பில் பாலேடு நிறத்தில் ஒரு பட்டை. என் மாடிக்கு வரும் ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கும் இதே இடத்தில் வெள்ளைப் பட்டை உண்டு. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டைக் கொம்பு நீளும், கூடவே ஒரு நெடி. நியூ கினிக் காட்டில் இருக்கும் பேர்ட்விங் புழுவுக்கும் அந்தக் கொம்பு உண்டு. கூட்டுப்புழுவாக ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து, காற்றில் ஈரம் நிறைந்த விடிகாலையில் வெளிவரும். பெண்ணுக்குச் சிறகு விரிவு 25 செ.மீ.க்கு மேல், பழுப்பு நிறம். ஆண் சிறியது, நீலப்பச்சையாக மின்னும்.

வேளச்சேரி: மாடியில் வளர்க்கலாமா?
முடியாது. அழியும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, பன்னாட்டு வணிகமே தடை. இங்கே அந்தக் கொடியும் இல்லை.

மயிலாப்பூர்: துப்பாக்கியால் சுட்டார்களாமே?
ஆமாம். 1906-இல் ஆல்பர்ட் மீக் என்ற சேகரிப்பாளர் உயரத்தில் பறந்த ஒரு பெண் பூச்சியைச் சுட்டு வீழ்த்தினார். மறு ஆண்டு விலங்கியலாளர் வால்டர் ராத்சைல்டு அதற்கு இங்கிலாந்து அரசி அலெக்சாண்ட்ராவின் பெயரை வைத்தார்.

தாம்பரம்: விஷக் கொடியைத் தின்று எப்படிப் பிழைக்கிறது?
அந்த நஞ்சை உடம்பிலேயே சேர்த்துவைக்கிறது, பறவைகள் ஒதுங்கிவிடும். நமக்கு அந்த வித்தை தெரியாது. எத்தனை முறை கேட்டாலும் இதைச் சொல்வேன்: ஈஸ்வரமூலியைக் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரும். பாம்புக்கடிக்கு அது மருந்து என்று நம்பி உட்காராமல், பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போரூர்: ஒரு ஜோடி வரவழைத்து வளர்த்தால்?
வேளச்சேரிக்குச் சொன்னதுதான்.

அண்ணா நகர்: தடை இருந்தும் ஏன் அழிகிறது?
தடை பூச்சிக்குத்தான், காட்டுக்கு இல்லை. இது இருப்பது பாப்புவா நியூ கினியின் ஓரோ மாகாணத்தில் மட்டும்: பொபொண்டெட்டா சமவெளியும் மனகலாஸ் பீடபூமியும். 1951-இல் லாமிங்டன் எரிமலை வெடித்து ஒரு பகுதியைப் பொசுக்கியது. அது போக மிஞ்சியதை எண்ணெய்ப்பனை தின்கிறது. பனங்குலை வெட்டினால் கையில் காசு, கொடியை விட்டுவைத்தால் என்ன கிடைக்கும்? அந்நாட்டின் புலோலோ ஊரில் 1978-இல் தொடங்கிய பூச்சி வளர்ப்பு, விற்பனை முகமை மற்ற பேர்ட்விங் வகைகளைக் கிராமத்தாரிடம் வாங்கி வெளிநாட்டுக்கு விற்றது. இதற்கும் அப்படி அனுமதித்தால், கொடி உள்ள மரத்தை வெட்ட யாருக்கும் கை வராது.

மறுபடியும் அண்ணா நகர்: கடத்தல்காரனுக்குக் கதவு திறக்கிறீர்கள்!
கதவு திறந்துதான் கிடக்கிறது ஐயா. 2007-இல் அமெரிக்காவில் ஒரு கடத்தல்காரருக்குச் சிறைத் தண்டனை ஆனது. அவர் விற்றதில் இந்தப் பூச்சியும் உண்டு. அந்தப் பணத்தில் கொடியைக் காத்தவருக்கு என்ன போயிருக்கும்?

கோடம்பாக்கம்: வளர்த்ததா, காட்டில் பிடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
நல்ல கேள்வி. எனக்கும் உறுத்துவது அதுதான். காட்டில் பறந்தது சிறகு ஓரம் தேய்ந்து கிழிந்திருக்கும், வளர்த்தது மடிப்புக் கலையாத புதுப்புடவை மாதிரி இருக்கும். ஆனால் காட்டிலிருந்து கூட்டுப்புழுவை எடுத்துவந்தாலும் அப்படித்தான் இருக்கும். அதனால் யார் வீட்டுக் கொடி, எத்தனை கூடு என்று ஊரிலேயே கணக்கு வைக்க வேண்டும். அது இல்லாமல் அனுமதி கூடாது. அண்ணா நகர்க்காரர் சொல்வதில் இந்த அளவு நியாயம் உண்டு.

முகப்பேர்: வீட்டில் வளர்க்க முட்டை கிடைக்குமா?
மேலே வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருவான்மியூர்: நர்சரியில் வாத்துப்பூக் கொடி விற்கிறார்கள், வாங்கலாமா?
அழகி வகைகளுக்காக என்றால் வேண்டாம். ஈஸ்வரமூலிக்கு உறவான தென் அமெரிக்கக் கொடி அது. ஆஸ்திரேலியாவின் ரிச்மண்ட் பேர்ட்விங் ஏமாந்து அதில் முட்டை வைத்து, தின்ற புழுவெல்லாம் செத்தது. ஈஸ்வரமூலி நடுங்கள்.

குரோம்பேட்டை: கறிவேப்பிலையில் பச்சைப் புழு, மருந்து அடிக்கவா அக்கா?
அடிக்காதேம்மா. கறிவேப்பிலை அழகியாகத்தான் இருக்கும். நாலு கொத்து இலைதான் போகும்.