குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் அம்மா விரைவாகத் தேற, வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

உங்கள் அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி இருப்பது உறுதியாகி, அறுவைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றும், அதற்குப் பிறகு அவரை எப்படிக் கவனித்துக்கொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. 2022-ஆம் ஆண்டு என் அப்பாவுக்கு வலதுபக்கப் பெருங்குடலை வெட்டி எடுத்தபோது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் உடனிருந்தவன். பிறகு அவருக்குக் கீமோ முடியும் வரை பார்த்துக்கொண்டவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தேறுவதற்கான வேலை அறுவைக்குப் பிறகு தொடங்குவதில்லை. உங்கள் கையில் இருக்கும் இந்த மூன்று வாரத்தில்தான் அதில் பாதி நடக்கிறது.

முதலில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். வலதுபக்கக் கட்டிகள் கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் இரத்தத்தைக் கசியவிடும். அப்பாவுக்கு அளவு 8.4 இருந்தது, அவரோ வயதாகிவிட்டதால் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்து ஏற்ற அவகாசம் இல்லை என்பதால் இரும்புச்சத்தை டிரிப்ஸ் வழியாக ஏற்றினார்கள். அதோடு பீடியை அன்றே நிறுத்தச் சொன்னார்கள், தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள், மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றை வாங்கி வரச் சொன்னார்கள். எல்லோரும் அதை ஊதும் கருவி என்றுதான் சொல்கிறோம். உண்மையில் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். அப்பா இரண்டு நாள் ஊதிப் பார்த்துவிட்டு, பந்து ஏறவில்லை, கருவி பழுது என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார். அறுவைக்குப் பின் வலியில் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. முன்பே பழகிவிட வேண்டும்.

கட்டி மலக்குடலை ஒட்டி இருந்து, மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க நேரலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அந்த இடத்தை அறுவைக்கு முன்பே குறித்துவிடச் சொல்லுங்கள். படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் போதாது. உட்கார்ந்தும் குனிந்தும் பார்த்து, வயிற்று மடிப்பிலும் புடவைக் கொசுவம் செருகும் இடத்திலும் படாதபடி பேனாவால் குறிக்க வேண்டும். ஆண் மருத்துவரிடம் இதைச் சொல்ல அம்மா கூச்சப்படுவார், நீங்கள் சொல்லுங்கள்.

அறுவைக்கு முந்தைய இரவு எங்களுக்கு ஒரு குழப்பம் நேர்ந்தது. பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று வார்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். காலையில் வந்த மயக்க மருந்து மருத்துவர் அதைக் கேட்டுச் சலித்துக்கொண்டு, திட உணவைத்தான் ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும், தெளிந்த நீராகாரத்தை இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம் என்று சொல்லி, அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இல்லாததால் மாவுச்சத்து கலந்த பானம் ஒன்றைக் குடிக்க வைத்தார். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெலெட் என்ற அறுவை மருத்துவர் 1990-களில் இந்தப் பழைய கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது உண்மையிலேயே தேவைதானா என்று கேட்டார் என்பதும், நீண்ட பட்டினி, மூக்கில் குழாய், நாள்கணக்கில் படுக்கை ஆகியவற்றைத் தவிர்த்தால் குடல் அறுவை நோயாளிகள் வெகு சீக்கிரம் வீடு திரும்புகிறார்கள் என்று அவர் காட்டினார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. இன்று அந்த அணுகுமுறையை ஈராஸ் (ERAS, அறுவைக்குப் பின் விரைந்து தேறவைக்கும் முறை) என்ற பெயரில் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். உங்கள் மருத்துவமனையில் இம்முறை உண்டா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

அறுவைக்கு மறுநாள் காலையிலேயே அப்பாவை எழுப்பி உட்கார வைத்தார்கள். மாலையில் டிரிப்ஸ் கம்பியை ஒரு கையிலும் சிறுநீர்ப் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். என் அம்மா அழுதுவிட்டார். வயிற்றைக் கிழித்த மனிதரை இப்படி வதைக்கிறார்களே என்பது அவருடைய கவலை. நம் வீடுகளில் அன்பு என்றால் "அசையாமப் படு" என்பதுதான். ஆனால் அசையாமல் படுத்திருந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், தசை கரையும், குடலும் விழித்துக்கொள்ளாது. அப்பா முப்பது ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்வருவதை ஒரு நடை என்று கணக்கு வைத்துக்கொண்டு, இரவில் என்னிடம், "இன்னிக்கு நாலு நடை முடிஞ்சுது, கலெக்‌ஷன்தான் ஒண்ணுமில்ல" என்றார்.

நடக்க வேண்டுமானால் வலி அடங்கியிருக்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வதை அப்பா ஒரு பெருமையாகவே வைத்திருந்தார். அதனால் இருமாமல், மூச்சை மேலோட்டமாக இழுத்துக்கொண்டு கிடந்தார். மார்ஃபின் வகை மருந்துகள் குடலை மந்தப்படுத்தும் என்பதால் அவற்றைக் குறைத்து, மற்ற வலி மருந்துகளை நேரம் தவறாமல் தருவதே ஈராஸ் முறையின் நோக்கம். ஆகவே வலி முற்றும் வரை காத்திருக்காமல் செவிலியரிடம் சொல்லிவிட அம்மாவைப் பழக்குங்கள்.

தினமும் காலையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி "காத்து பிரிஞ்சுதா?" என்பதுதான். அப்பாவுக்கு மருமகள் எதிரில் இதற்குப் பதில் சொல்ல மானம் போயிற்று. குடலைத் தூண்டுவதற்காகச் சூயிங் கம் மெல்லச் சொன்னார்கள்; காபியும் தந்தார்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடத்திய ஆய்வு ஒன்றில், குடல் அறுவைக்குப் பின் காபி குடித்தவர்களுக்குத் தண்ணீர் குடித்தவர்களைவிட முன்னதாக மலம் கழிந்ததாக 2012-இல் வெளியிட்டிருக்கிறார்கள். இவ்வளவும் செய்தும் நான்காம் நாள் அப்பாவின் வயிறு ஊதி, பச்சையாக வாந்தி எடுத்தார். குடல் இயக்கம் தற்காலிகமாக நின்றுபோயிருந்தது. மூக்கில் குழாய் போட்டு இரண்டு நாள் வாய்வழி உணவை நிறுத்திய பிறகே அது சீரானது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சிலருக்கு இப்படி ஆகும். அப்போது யார் மேலும் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். நாங்கள் அந்தக் காபிக்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம்.

வீட்டுக்கு வந்த பின் பெரிய போராட்டம் சாப்பாட்டில்தான் நடந்தது. முட்டையும் மீனும் கரப்பான் பண்டம், தையல் சீழ் வைத்துவிடும் என்று அத்தைமார் இருவர் வந்து தீர்ப்புச் சொன்னார்கள். மூன்று வேளையும் கஞ்சி. புண் ஆறப் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்று உணவு ஆலோசகர் கணக்குச் சொன்னார். 58 கிலோ எடையுள்ள அப்பாவுக்கு ஏறத்தாழ 70 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் இருப்பதே ஆறு கிராம்தான். கஞ்சியை வைத்துக்கொண்டு எங்கே போவது? இட்லி, குழைந்த பருப்புச் சாதம், தயிர், அவித்த முட்டை, முள் எடுத்த மீன் என்று சிறுகச் சிறுக ஆறு வேளையாகக் கொடுத்தோம். நார் மிகுந்த கீரைத் தண்டு, பச்சைக் காய் ஆகியவற்றை மட்டும் மருத்துவர் சொன்ன நாள் வரை தள்ளிவைத்தோம். இரத்தம் உறையாமல் இருக்க அறுவை நாளிலிருந்து 28 நாள் வரை தினமும் ஹெப்பாரின் வகை ஊசியை வயிற்றுத் தோலில் போட வேண்டியிருந்தது. அதை நானே கற்றுக்கொண்டு போட்டேன். ஒவ்வொரு முறையும் அப்பா சுவரிலிருந்த காலண்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. குடலை இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் அது தெரியவரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், குறைந்துவந்த வயிற்று வலி திரும்பக் கூடுவது, படபடவென்று நாடி ஓடுவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தேறுவதில் ஏன் இத்தனை அவசரம் என்று அம்மாவே கேட்கலாம். நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தால் கீமோ தேவைப்படும். அறுவை முடிந்து எட்டு வாரத்துக்குள் அதைத் தொடங்கிவிடுவது நல்லது, தள்ளிப்போகப் போக அதன் பலன் குறையும். அப்பாவுக்கு, குடல் நின்றுபோன அந்த இரண்டு நாளையும் சேர்த்து, ஆறாம் வாரத்தில் தொடங்க முடிந்தது. கீமோ முடிந்த பின்னும் அவர் நடையை விடவில்லை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெருமளவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. கீமோ முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஒரு பாதியினரை மூன்று ஆண்டுகள் முறையாக உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். மறு பாதியினருக்கு அறிவுரை ஏடுகள் மட்டும் தந்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் நோய் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 80.3 விழுக்காடு, மற்றதில் 73.9 விழுக்காடு. நான் இதைப் படித்துக் காட்டியபோது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். காலையில் மூன்று நடை, மாலையில் இரண்டு என்பது இப்போது அவருடைய கணக்கு.