கனவு பலிக்குமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பல் விழுவதுபோல் விடியற்காலையில் கனவு கண்டேன். வீட்டில் மூத்தவர் ஒருவர் போய்விடுவார் என்கிறார் மாமியார். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது உண்மையா? – வாசகி, குடியாத்தம்

பதில்: விடியற்காலைக் கனவுக்கு மட்டும் ஏன் இத்தனை மதிப்பு வந்தது என்பதற்கு உறக்கத்தின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் உறக்கநிலை ஒன்று உண்டென்பதையும், அந்நேரத்தில் எழுப்பப்படுபவர்களில் பெரும்பாலோர் கனவைச் சொல்கிறார்கள் என்பதையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல் வெளியிட்டார்கள். 'ரெம்' எனப்படும் அந்நிலை ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும். முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும் அது, விடியும் நேரத்தில் அரை மணி வரையிலும் நீளும். ஆகவே கனவு நீளமாக வருவதும், வந்த கையோடு விழித்துக்கொள்வதால் நினைவில் நிற்பதும் விடியற்காலையில்தான். முன்னோர் கவனித்தது சரி. அதற்குச் சொன்ன பலன்தான் பொருந்தவில்லை. பல் விழும் கனவு எத்தனையோ பேருக்கு வருகிறது. சாவு நேர்ந்த வீட்டில் அது பல ஆண்டுகள் பேசப்படுகிறது. ஒன்றும் நேராத வீட்டில் பல் துலக்கி முடிப்பதற்குள் மறந்துபோகிறது. மாமியாரிடம் வாதாட வேண்டாம், அவர் பேச்சில் இருப்பது பெரியவரைப் பற்றிய கவலையே.

கேள்வி: கடை ஞாயிறன்று என் மகள் விரிஞ்சிபுரம் கோயிலில் நீராடிப் படுத்தாள். பூவோ பழமோ கனவில் வரவில்லை. தனக்குப் பிள்ளையே பிறக்காது என்று அன்று முதல் அழுகிறாள். – வாசகி, பள்ளிகொண்டா

பதில்: வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில், கார்த்திகைக் கடைசி ஞாயிறையொட்டி நள்ளிரவில் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் சிம்மக் குளத்தில் மூழ்கி, ஈரப் புடவையுடன் பிராகாரத்தில் படுத்துறங்குவார்கள்; கனவில் பூவோ பழமோ கண்டால் வரம் கிடைத்துவிட்டது என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் ரெம் உறக்கத்தின்போது உடல் தன் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனைப் பெரிதும் இழந்திருப்பதால், குளிரில் முதலில் சுருங்குவது அந்த உறக்கம்தான். ஈரத் துணி, கார்த்திகைப் பனி, கல்தரை, சுற்றிலும் கூட்டம்: இத்தனைக்கும் நடுவில் உங்கள் மகள் கனவு காணும் அளவுக்கு உறங்கினாளா என்பதே ஐயம். மேலும், கண்டால் வரம் என்றுதான் ஊர் சொல்கிறது. காணாவிட்டால் வரமில்லை என்பது அவளுடைய அச்சம் சேர்த்துக்கொண்டது. திருமணமாகி ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், அவளுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, கணவனும் மனைவியும் சேர்ந்து பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஆணுக்கான முதல் சோதனை எளியது. அதை முதலில் செய்துவிடலாம். பிராகாரத்தில் படுக்கும்படி கணவனிடம் யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கேள்வி: இரவில் தயிர்ச்சோறு சாப்பிட்டால் கெட்ட கனவு வருமா? – வாசகர், ஆரணி

பதில்: தயிர்மேல் பழி வேண்டாம். எதையும் வயிறு முட்ட உண்டு உடனே படுத்தால் உறக்கம் அடிக்கடி கலையும். கலையும்போதெல்லாம் கனவு நினைவில் தங்கும்.

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் இரவுப் பணி. பகலில் உறங்கும்போது நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது; விழித்தும் கைகால் அசைவதில்லை; அறை மூலையில் ஓர் உருவம் தெரிகிறது. அமுக்குவான் பேய் என்கிறார்கள். – வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: கனவுக்கேற்பக் கைகால்கள் ஆடிவிடாதபடி, ரெம் நிலையில் மூளைத்தண்டு நம் தசைகளைச் செயலற்று வைத்திருக்கிறது. சில வேளைகளில் நினைவு முந்தித் திரும்பிவிட, தசைகளின் கட்டு அவிழச் சற்றுத் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் கனவின் மிச்சம் அறைக்குள் உருவமாகத் தெரிகிறது. ஆழமாக மூச்சிழுக்க முயலும்போது மார்புத் தசை இணங்காதது பாரமாகத் தோன்றுகிறது. சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானாக விலகிவிடும், உயிருக்கு ஆபத்தில்லை. உறங்கும் நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது மிகுதி. பணி முடிந்ததும் ஒரே நேரத்தில், இருட்டிய அறையில், ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். தலையணைக்கு அடியில் இரும்பு வைத்தால் நிம்மதி என்றால் வைத்துக்கொள்ளலாம், கத்தி மட்டும் வேண்டாம். சிரிக்கும்போது முழங்கால் துவள்வதோ, பகலில் அடக்கமுடியாத உறக்கமோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 68 வயதான அப்பா உறக்கத்தில் கத்துகிறார், உதைக்கிறார், திருடனைத் துரத்தினேன் என்று காலையில் சொல்கிறார். – வாசகி, ஆம்பூர்

பதில்: மேலே சொன்ன தசைக் கட்டு இவருக்குத் தளர்ந்திருக்கலாம். இந்தத் தொகுப்பில் நான் கவலையோடு படித்த கடிதம் இதுதான், ஏனென்றால் முதியவர்களில் சிலருக்குப் பார்கின்சன் நோயின் நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த அறிகுறி வருகிறது. சில மாத்திரைகளாலும் வரலாம். அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலுடன் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவருக்குக் கட்டில் வேண்டாம், தரையில் படுக்கை விரியுங்கள். அம்மா சில நாள் தள்ளிப் படுக்கட்டும்.