பழைய ஹிமாலயனைக் கொடுத்துப் புதிய வண்டி வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2019-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வைத்திருக்கிறேன், 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு ஹிமாலயன் 450 அல்லது கேடிஎம் 390 அட்வென்ச்சர் வாங்க விரும்புகிறேன். ஷோரூமில் 85,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். என் உயரம் 165 செ.மீ. மாதம் இருமுறை கொல்லிமலைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வெளிமாநிலத்துக்கும் போவேன். எதை வாங்கலாம்? – நாமக்கல் வாசகர்

பதில்: முதலில் வண்டியைப் பார்ப்போம், எக்ஸ்சேஞ்ச் தொகையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே போகும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மாதம் இருமுறை ஏறுகிறவர் நீங்கள். எனவே குதிரைத்திறனை விட, என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும்போது இழுவை (முறுக்குவிசை) கிடைக்கிறது என்பதே உங்களுக்கு முக்கியம். உங்கள் 411 தன் 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 4,500 சுற்றுகளுக்குள்ளேயே தந்துவிடுகிறது; வளைவின் நடுவே கியரைக் குறைக்க மறந்தாலும் அது முக்கி முனகியாவது ஏறிவிடுவதற்குக் காரணம் அதுதான். புதிய 450 கொடுக்கும் 40 நியூட்டன் மீட்டர் உச்சத்தைத் தொட 5,500 சுற்றுகள் வேண்டும். 2025-இல் வந்த 399 சிசி கேடிஎம்முக்கு 6,500 சுற்றுகள் வேண்டும். ஆகவே 450-க்கு மாறினால் ஒரு கியர் குறைத்து ஏறப் பழக வேண்டியிருக்கும். கேடிஎம்முக்கு மாறினால், குறுகலான வளைவுகளில் கிளட்சை விட்டுப் பிடித்து ஓட்டும் கைப்பழக்கமும் வர வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் அதன் 46 குதிரைத்திறனும், ஹிமாலயனை விடப் பத்து கிலோவுக்கும் மேல் குறைந்த எடையும் பெரிய சுகம் என்பதை மறுப்பதற்கில்லை.

இருக்கையின் உயரம் அடுத்தது. உங்கள் வண்டியில் அது 800 மி.மீ., 450-இல் 825, கேடிஎம்மில் 830. தாளில் பார்த்தால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான். ஆனால் சரளைச் சரிவில் நின்று, பக்கவாட்டில் சாயும் 196 கிலோ வண்டியை ஒரு காலின் நுனியால் தாங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். 450-க்குத் தாழ்வான இருக்கை தனியாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் 805 மி.மீ.க்கு இறங்கும். 165 செ.மீ. உயரமுள்ள, மலைச்சாலையே முதன்மை என்று சொல்லும் உங்களுக்கு நான் 450-ஐத்தான் சொல்வேன். அதன் 17 லிட்டர் டேங்க் நெடும்பயணத்துக்கும் உதவும்.

இனி 85,000 ரூபாய். ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ என்று தனியே காட்டப்படும் தொகை, பல நேரங்களில் பழைய வண்டி இல்லாமல் போனாலும் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடிதான். எனவே ஒரே ஷோரூமில், எக்ஸ்சேஞ்சுடன் ஒன்றும் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் ஒன்றுமாக, வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த இரண்டு ஆன்ரோடு கொட்டேஷன்களை எழுதி வாங்குங்கள். அவை இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் வண்டிக்கு அவர்கள் உண்மையில் தரும் விலை. அதை வெளியில் கேட்கும் விலையோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள். முன்பே வாங்கிய நண்பர் சொல்லும் விலையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் என்பதால், அதற்கு முன் அவர் வாங்கிய விலை இப்போது பொருந்தாது.

மதிப்பிட வருபவர் முதலில் கை வைக்கும் இடம் கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங். அவருக்கு முன் நீங்களே பார்த்துவிடலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையில் படாதபடி ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லுங்கள். ஹேண்டில்பாரை விரல் நுனியால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேர்நிலைக்கு வரும்போது ‘டக்’கென்று ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் போய்விட்டது என்று பொருள். மாற்றும் செலவை விட, அதைக் காட்டி அவர்கள் குறைக்கும் தொகை பெரும்பாலும் அதிகமாக இருக்கும்.

கேள்வி: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் இரண்டில் எதை வாங்கலாம்? வால்பாறைக்கு அடிக்கடி போவேன். – பொள்ளாச்சி வாசகி

பதில்: ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலையில்தான் இருக்கின்றன. எக்ஸ்பல்ஸின் 21 அங்குல முன்சக்கரம் கல்லும் மண்ணுமான பாதைக்கு உரியது. அதன் ஸ்போக் சக்கரத்தில் டியூப் இருப்பதால், யானை நடமாடும் இடத்தில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். வி-ஸ்ட்ரோமுக்கு அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உண்டு, 26.5 குதிரைத்திறனும் மலையேற்றத்துக்குப் போதும். அதையே வாங்குங்கள். ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300-ஐயும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 350 சிசிக்குக் கீழே என்பதால் இவை எல்லாவற்றுக்கும் வரி 18 சதவீதம்தான்.

கேள்வி: எக்ஸ்சேஞ்சில் கொடுத்து ஐந்து மாதமாகியும் பழைய வண்டி என் பெயரிலேயே இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: கட்டாயம் கவலைப்பட வேண்டும். வண்டியை விற்றுவிட்டாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. நானும் ஒரு தரகரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவன்தான். எட்டு மாதம் கழித்து, நான் போயே இராத ஊரில் தலைக்கவசம் அணியாமல் சென்றதாக என் கைபேசிக்கு அபராதச் செய்தி வந்தது.

விற்றவர் படிவம் 29 வழியாக 14 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்ற விண்ணப்பம் படிவம் 30. கடனில் வாங்கிய வண்டியானால், வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் இருந்தால்தான் அடமானப் பதிவு நீங்கும். 2023 ஏப்ரல் 1 முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வாகன விற்பனையாளர் வண்டியைப் பெற்றதை இணையவழியே முறைப்படி தெரிவித்துவிட்டால், அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் ஷோரூமுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா, அப்படித் தெரிவித்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வண்டியை ஒப்படைத்த ரசீதுடன் நீங்களே ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போங்கள்.

போகிற போக்கில் காப்பீட்டு நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராமல் இருந்ததற்கான தள்ளுபடி) சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சலுகை வண்டிக்கு அல்ல, உங்களுக்கு உரியது. மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் புதிய வண்டியின் காப்பீட்டில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.