ஏர்பேக் விளக்கும் எலி கடித்த ஒயரும்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன். 2022இல் எட்டரை லட்சம் ரூபாய்க்கு ஒரு கார் வாங்கினேன். மூன்றாண்டு வாரண்டி. கடைசி ஆண்டில் டாஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. மூன்று முறை திருநெல்வேலியில் சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஒவ்வொரு முறையும் அணைத்துக் கொடுத்தார்கள்; சேரன்மகாதேவி வருவதற்குள் மறுபடி எரிந்தது. “வெறும் விளக்குதான் அண்ணாச்சி, தைரியமாக ஓட்டுங்கள்” என்றார்கள். போன மாதம் வாரண்டி முடிந்தது. இப்போது எலி ஒயரைக் கடித்துவிட்டது, 38 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். வழக்குப் போடலாமா? புதுக் கார் கேட்கலாமா?

பதில்: வழக்குப் போடலாம். புதுக் கார் கேட்க வேண்டாம்.

“வெறும் விளக்கு” என்ற பேச்சை முதலில் ஒதுக்குங்கள். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைந்தால், ஏர்பேக் அமைப்பு தன்னைத்தானே சோதித்துக்கொண்டது என்று பொருள். அணையாமல் நின்றாலோ, ஓடும்போது எரிந்தாலோ, கட்டுப்பாட்டுக் கருவி ஏதோ ஒரு பழுதைக் குறித்து வைத்திருக்கிறது. விபத்தின்போது ஏர்பேக் விரியாமலே போகலாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் தளர்வது, ஸ்டியரிங்குக்குள் இருக்கும் சுருள் கேபிள் தேய்வது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஸ்கேனரைச் செருகிப் பழுதுக் குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும்; தளர்ந்த கனெக்டர் தளர்ந்தபடியேதான் இருக்கும். அடுத்த பள்ளத்தில் வண்டி குலுங்கினால் மறுபடி எரியும். உங்களுக்கு மூன்று முறை நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் வழக்கின் உயிர், ஒவ்வொரு முறை சர்வீசுக்கு விட்டபோதும் எழுதித் தந்த மூன்று ஜாப் கார்டுகளில் (பணிச் சீட்டுகளில்) இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். “ஏர்பேக் விளக்கு எரிகிறது” என்று வாடிக்கையாளர் புகார்ப் பகுதியில் எழுதியிருக்கிறதா? தேதியும் ஓடிய கிலோமீட்டரும் இருக்கின்றனவா? இருந்தால், பழுது வாரண்டிக் காலத்திலேயே தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அவர்கள் கைப்பட எழுதித் தந்த சான்று அது. காலத்துக்குள் சொல்லி, காலத்துக்குள் சரிசெய்யாமல் விட்டுவிட்டு, நாள் முடிந்ததும் கையை விரிப்பது சேவைக் குறைபாடு. “பொதுச் சோதனை” என்று மட்டும் எழுதித் தந்திருந்தால் கொஞ்சம் சிக்கல்தான். சர்வீசுக்கு நேரம் வாங்கிய குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் உரையாடல், எரியும் விளக்கை எடுத்த படம் ஆகியவற்றைத் தேடி எடுங்கள்.

எலிக்கு வருவோம். தாமிரபரணிக் கரை ஊர்களில் வயலை ஒட்டி நிறுத்தும் காரை எலி கடிப்பது புதிதல்ல. பெரும்பாலான வாரண்டிகளில் அதற்கு இடமும் இல்லை. ஆனால் விதிவிலக்கைச் சொல்லித் தப்பிக்க நினைப்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எந்த ஒயர், எந்த இடம், பல் தடம் தெரியும் படம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். முதல் மூன்று முறை கண்ணில் படாத எலி, வாரண்டி முடிந்த மறுமாதம் எப்படி வந்தது என்றும் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் இந்த ஒரு கேள்வியே பாதி வேலையைச் செய்துவிடும்.

இப்போதைக்கு பழுதுக் குறியீட்டை மறுபடி அழிக்க சர்வீஸ் சென்டரில் கொடுக்காதீர்கள். அழிப்பதற்கு முன்பே ஸ்கேன் அறிக்கையை அச்சிட்டு வாங்குங்கள். மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும் என்பதால் வெளியில் பார்ப்பதானால் ஏர்பேக் பகுதியையும் படிக்கும் கருவி உள்ள இடமாகப் பாருங்கள். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் ஒயரை யாரும் தொட விடாதீர்கள். ஏர்பேக் தவறுதலாக வெடிக்கும் ஆபத்து ஒருபுறம். “வெளியில் கை வைத்துவிட்டார்கள்” என்ற சாக்கும் அவர்களுக்குக் கிடைத்துவிடும்.

பிறகு டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதினைந்து நாள் கொடுத்தால் போதும். அசையவில்லை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி மனு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் தயாரிப்பாளர் எந்த ஊரில் இருந்தாலும் திருநெல்வேலி மாவட்ட ஆணையம் போதும். வண்டியை நிபுணர் பார்க்க வேண்டும் என்று மனுவோடு தனி விண்ணப்பமும் போடுங்கள்; 38ஆவது பிரிவு அதற்கு வழி தருகிறது. அதற்கான கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம்.

புதுக் கார் ஏன் வேண்டாம்? பழுதான பாகத்தை மாற்றுவதுதான் வாரண்டியின் கடமை, காரையே மாற்றுவதல்ல என்று மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022இல் ஹூண்டாய் எதிர் சைலேந்திர பட்நாகர் வழக்கில் இழப்பீட்டோடு வாகனத்தை மாற்றித் தரும் உத்தரவும் நிலைத்தது உண்மை. ஆனால் அது விபத்தில் ஏர்பேக் விரியாமல் உரிமையாளர் காயமடைந்த வழக்கு. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணர் அல்ல என்று நீதிமன்றம் அதில் சொன்னது. தயாரிப்பாளர் தரப்பு தொழில்நுட்ப வார்த்தைகளால் மிரட்டினால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள். கோரிக்கையில் இலவசமாகப் பாகம் மாற்றுதல், அதற்குப் புது வாரண்டி, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள்.

எட்டரை லட்சத்துக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே வாதாடலாம். கால வரம்பு இரண்டாண்டு. முதல் ஜாப் கார்டின் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு.